மாரத்தான் பயிற்சிக் கட்டுரையை ஆறு மாதம் முன்பே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் இணைப்பிதழில், முதல் முறையாக மாரத்தான் ஓடப் போகிறவர்களுக்காக ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. அக்கறையோடு எழுதியிருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது வெளிவந்தது பந்தயத்துக்குச் சரியாக ஏழு நாள் முன்னால். ஏழு நாளில் 42.195 கிலோமீட்டருக்கு யாரும் தயாராக முடியாது. அந்த ஒரு வாரத்தில் செய்ய முடிகிற நல்ல காரியம் ஓட்டத்தைக் குறைப்பது, நன்றாகத் தூங்குவது, கால் நகங்களை வெட்டிக்கொள்வது, அவ்வளவுதான். கடைசி வாரத்தில் விழுந்து விழுந்து ஓடினால் அதன் பலன் உடம்பில் சேரவே பத்து நாளாவது ஆகும், அதற்குள் பந்தயமே முடிந்துபோயிருக்கும், களைப்பு மட்டும்தான் கூட வரும்.

இந்தக் கட்டுரையை நீங்கள் ஆறு மாதம் முன்பே போட்டிருக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் ஒரு வருடத்தைத் தொலைத்தவள் நான்.

எனக்கு அப்போது 43 வயது. பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஓடியதே இல்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர் பெயர் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். பந்தயத்துக்கு 12 வாரம் இருந்தது. ஒரு பயிற்சியாளரிடம் போய்க் கேட்டதற்கு, 12 வாரம் தாராளம், மனசு வைத்தால் போதும் என்றார். முதல் மூன்று வாரம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முதல் நாள் இரண்டு தெரு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி நின்றவள், மூன்றாம் வாரக் கடைசியில் 6 கிலோமீட்டரை நிற்காமல் ஓடினேன், நாலாவது வாரம் 10. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். ஐந்தாவது வாரம் வலது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்பக்க ஓரத்தில் ஒரு வலி ஆரம்பித்தது.

அந்த வலியை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கிற யாருக்காவது இப்போது இதே வலி இருக்கலாம். தசை வலி என்றால் பரவலாக இருக்கும், ஓட ஓடக் கொஞ்சம் இளகும். இது அப்படியில்லை. கட்டைவிரலை எலும்பின் மேல் வைத்து மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தால், ஒரே ஒரு இடத்தில், ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு, சுரீர் என்று உயிர் போகும். அரை அங்குலம் தள்ளி அழுத்தினால் ஒன்றுமே தெரியாது. ராத்திரி படுத்திருக்கும்போதும் அந்த இடம் மட்டும் விண்விண் என்று தெறிக்கும். பயிற்சியாளரிடம் சொன்னேன். எல்லோருக்கும் வருவதுதான், ஓடினால் சரியாகிவிடும் என்றார். அதை நம்பி மேலும் ஒன்பது நாள் ஓடினேன். அப்புறம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எலும்பில் நுண்விரிசல். எட்டு வாரம் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பந்தய நாளன்று நான் வீட்டில் இருந்தேன். என் எண் அச்சடித்த, சட்டையில் குத்திக்கொள்கிற பிப் வந்த கவர் பிரிக்காமல் மேசை மேலேயே கிடந்தது.

ஏன் இப்படி ஆனது என்று பிறகுதான் விளங்கியது. ஓட ஆரம்பித்தால் உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. முதலில் பழகுவது ரத்தமும் இதயமும். சில நாளிலேயே ரத்தத்தின் அளவு கூடத் தொடங்கும், சில வாரத்தில் மூச்சு வாங்குவது குறையும். தசை அடுத்து. தசையை எலும்போடு கட்டுகிற தசைநாணும், எலும்பும் கடைசியில்தான். எலும்பு புதுப் பாரத்துக்குப் பழகுகிற விதமே தனி. பழைய எலும்பை முதலில் கொஞ்சம் அரித்து எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டும். அரிக்கிற வேலை சில வாரத்தில் முடிந்துவிடும், கட்டி முடிக்க மூன்று மாதம் வரை ஆகும். அதாவது ஓட ஆரம்பித்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும்போது, மூச்சு இன்னும் போகலாம் போகலாம் என்று சொல்கிற அதே நாட்களில், எலும்பு அரிபட்ட நிலையில் காத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு ஐந்தாவது வாரத்தில் வலி வந்தது தற்செயல் இல்லை. நன்றாக ஓட வருகிறது என்ற சந்தோஷத்தில் தூரத்தை ஏற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இதற்குப் பதில் இரண்டே விஷயம். நாளும் வேண்டும், நிதானமும் வேண்டும். உங்கள் கட்டுரையில் நிதானம் என்ற சொல்லே வரவில்லை. வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று அரைப் பத்தி இருந்தது.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று எல்லோரும் கேட்பார்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஒரு வார்த்தை, ஒரு மூச்சு, இன்னொரு வார்த்தை என்று உடைந்து உடைந்து வந்தால் அது வேகம் அதிகம். தனியாக ஓடினால் வாய்விட்டு எதையாவது சொல்லிப் பாருங்கள், யார் பார்த்தாலும் பரவாயில்லை. எனக்கு அந்த வேகம் ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடத்துக்கு மேல். நடக்கிறவர்கள் சிலர் என்னைத் தாண்டிப் போவார்கள். ஆனால் அந்த வேகத்தில்தான் தசையில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்து ஓடும் பழக்கம் வருகிறது, கால் அடிபடாமல் அடுத்த நாளும் ஓட முடிகிறது. பெரிய ஓட்டக்காரர்களே தங்கள் பயிற்சி தூரத்தில் பெரும்பகுதியை அவர்களுக்குச் சுலபமான வேகத்தில்தான் ஓடுகிறார்கள்.

முதல் மாரத்தான் என்றாலே செக்கோஸ்லோவாக்கியா ஓட்டக்காரர் எமில் ஸாட்டோபெக்கைச் சொல்வார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிவிட்டு, அதற்கு முன் மாரத்தானே ஓடியிராதவர் அதிலும் இறங்கித் தங்கம் வாங்கினார். மனசு வைத்தால் எதுவும் முடியும் என்பதற்கு என் பயிற்சியாளரும் இந்தக் கதையைத்தான் சொன்னார். ஆனால் ஸாட்டோபெக் 1948 லண்டன் ஒலிம்பிக்கிலேயே 10,000 மீட்டரில் தங்கம் வாங்கியவர். அதற்கும் முன்பிருந்தே வருடக்கணக்கில் தினமும் ஓடி ஓடி இறுகிய கால் அது. அந்த வருடங்களை விட்டுவிட்டு அந்த ஒரு நாளை மட்டும் புதியவர்களுக்குச் சொல்வது சரியில்லை.

இரண்டாம் முறை நான் ஏறத்தாழ ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் ஒரு வருடம் தேவைப்படாது. ஏற்கனவே தினமும் நன்றாக நடக்கிறவர் என்றால் 24 வாரம் போதும் என்பது என் எண்ணம். முதல் எட்டு வாரம் தூரத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம், வாரத்துக்கு மூன்று நாலு நாள், ஓடியும் நடந்தும் அரை மணி நேரம். அதற்குப் பிறகுதான் வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டம், அதை ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் என்று ஏற்றிக்கொண்டே போய், மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் இறக்கிவிட வேண்டும். இந்த இறக்குகிற வாரத்தைத்தான் பலர் வீண் என்று தாண்டிவிடுகிறார்கள். எலும்பு கட்டிக்கொள்வது அந்த ஓய்வில்தான். வாரத்தில் இரண்டு நாள் கெண்டைக்கால், தொடை, இடுப்பு மூன்றுக்கும் பலம் சேர்க்கிற பயிற்சி, வீட்டிலேயே 20 நிமிடம். என்னுடைய மிக நீண்ட ஓட்டம் 28 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆனது, அது பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால். 42 கிலோமீட்டரையும் பயிற்சியிலேயே ஒருமுறை ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது, செய்யாதீர்கள். என்னைப் போல மெதுவாக ஓடுகிறவர்களுக்கு அது ஐந்தரை ஆறு மணி நேரம், அதிலிருந்து தேறுவதற்குள் பந்தயம் வந்துவிடும். அந்தக் கடைசி மூன்று வாரமும் தூரத்தைப் படிப்படியாகப் பாதியாகக் குறைக்க வேண்டும். அப்போது கால் கனப்பது போல இருக்கும், இல்லாத வலியெல்லாம் வந்த மாதிரி தெரியும், ஒன்றும் பயமில்லை.

ஆரம்பிக்கும் முன் டாக்டரைப் பார்ப்பது பற்றி உங்கள் கட்டுரை ஒரு வரி சொன்னது, நல்லது, அது நாலு வரியாக இருந்திருக்கலாம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்துக் கணக்கெடுத்தார்கள். ஓட்டத்தின்போதோ முடிந்த உடனேயோ இதயம் நின்றது 59 பேருக்கு, சுமார் 1,84,000 பேருக்கு ஒருவர். ஆக, ஓட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஓடும்போது நெஞ்சு அடைப்பது, தலை சுற்றுவது, குடும்பத்தில் சின்ன வயதிலேயே இதய நோயில் போனவர்கள் இருப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பரிசோதனை முடியாமல் ஓடக் கூடாது.

அப்புறம் சாப்பாடு. முந்தின நாள் ராத்திரி வயிறு நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சாப்பிட்டால் தூக்கமும் வராது, காலையில் வயிறும் கனக்கும். மாவுச்சத்தைக் கடைசி இரண்டு மூன்று நாளில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு, முந்தின ராத்திரி பழகிய சாப்பாட்டை அளவாகச் சாப்பிட்டால் போதும். இதன் காரணத்தைச் சொன்னால் மனதில் நிற்கும். தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை, அதாவது கிளைக்கோஜன், சுமார் 2,000 கலோரிக்கு வரும். ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 42 கிலோமீட்டருக்கு 2,500 கலோரி. கொழுப்பும் கூடவே எரிவதால் சர்க்கரை கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், ஆனால் வேகம் கூடக் கூட சர்க்கரையின் பங்கு கூடிக்கொண்டே போகும். பலருக்கு 30, 32 கிலோமீட்டரில் திடீரென்று கால் கல்லாகிப் போவது இதனால்தான், மன உறுதி இல்லாததால் இல்லை. மெதுவாக ஆரம்பிப்பதும், வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்வதும்தான் இதைத் தள்ளிப்போடும். ஓட்டக்காரர்களுக்கென்று பாக்கெட்டில் வரும் ஜெல்லோ, பழமோ, எதுவாக இருந்தாலும் நீண்ட ஓட்டங்களிலேயே சாப்பிட்டுப் பழக வேண்டும். ஓடும்போது சாப்பிட வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடியுங்கள், தாகம் எடுக்கக் காத்திருக்காதீர்கள் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். இது பழைய அறிவுரை, ஆபத்தான அறிவுரை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது ரத்தத்தில் உள்ள உப்பு, குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கு, அதாவது வியர்வையில் போனதைவிட அதிகமாகக் குடித்தவர்களுக்கு, அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் அதில் வருகிறார்கள். வேகமாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரம் இல்லை, மெதுவாக ஓடுகிற புதியவர் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிக்கிறார். சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கும், உயிரே போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அறிகுறிகள் வெயில் களைப்பு மாதிரியே இருப்பதால், பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிடுவார்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். தயவுசெய்து இதற்கு ஒரு திருத்தம் போடுங்கள். வலி மாத்திரையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்குக் கெடுதல், சோடியத்தையும் குறைக்கும்.

ஷூ பற்றிச் சொன்னதெல்லாம் சரிதான், ஒன்றே ஒன்று, நீண்ட தூரத்தில் கால் வீங்கும், அதனால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகம் கறுத்து விழும். புது ஷூ, புது சாக்ஸ், புது பனியன் எதுவும் பந்தயத்தன்று வேண்டாம். பெண்களுக்கு ஒரு விஷயம், இதை யாரும் எழுதுவதில்லை. மார்புக்கச்சையின் கீழ்ப்பட்டி 10 கிலோமீட்டரில் ஒன்றும் செய்யாது, 24இல் தோலை அறுத்துவிடும். நான் குளிக்கப் போய் தண்ணீர் பட்டு அலறிய பிறகுதான் அங்கே சிவப்பாக ஒரு கோடு போட்டிருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து அந்த இடத்தில் வாசலைன் தடவாமல் ஓடியதில்லை.

பந்தய நாள். துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் பறப்பார்கள், அந்த அலையில் நாமும் பறப்போம், காலில் பாரமே தெரியாது. நான் முதல் 5 கிலோமீட்டரை 41 நிமிடத்தில் ஓடினேன், வேண்டுமென்றே. முதலிலிருந்தே நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்துக்கொண்டேன். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே புதியவர்களுக்காகப் பரப்பிய முறை இது. களைத்துப்போய் நடப்பதற்கும், களைப்பதற்கு முன்பே நடப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பாதித் தூரம் 2 மணி 47 நிமிடம். 32ஆவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது 4 மணி 18 நிமிடம், கன்னத்தில் கை வைத்தால் உப்பு பொரபொரவென்று உதிர்ந்தது. 36இல் தொடை இரண்டும் இறுகி, கணக்கு வைத்து நடப்பதெல்லாம் போய், வெறும் நடையாகிவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "வாங்கம்மா, அந்தக் கம்பம் வரைக்கும் நடப்போம், அங்கேயிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஓடுவோம்" என்றார். 40 வரை கம்பம் கம்பமாக அப்படியே போனோம். அதற்கு மேல் "நீங்க போங்க, நான் வந்துடறேன்" என்று அனுப்பிவைத்தார்.

அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஆரம்பத்தில் மாரத்தானில் இருந்ததே இல்லை. 1896இல் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் மாரத்தான் சுமார் 40 கிலோமீட்டர்தான். 42.195 என்பது 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. அன்று முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்த இத்தாலியர் டொராண்டோ பியட்ரி பலமுறை விழுந்தார், அதிகாரிகள் தூக்கிவிட்டார்கள், உதவி பெற்றதால் வெற்றி பறிபோனது. 1921இல் அந்த 42.195 கிலோமீட்டரே நிலையான தூரமானது. நான் அந்த இரண்டு கிலோமீட்டரையும் பெரும்பாலும் நடந்தேன். மொத்தம் 5 மணி 48 நிமிடம். ஆறரை மணி நேரம்தான் கெடு. பெரியவர் பத்து நிமிடம் கழித்து வந்தார், நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

மறுநாள் உங்கள் நாளிதழில் முதல் மூன்று இடங்கள் மட்டும் வந்திருந்தன. அவர்கள் வரட்டும், வர வேண்டியவர்கள்தான். கூடவே, கடைசியாக முடித்தவரின் நேரத்தையும் ஒரு வரி போடுங்கள், பெயர்கூட வேண்டாம். ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டும் இதை முடிக்கலாம் என்று தெரிந்திருந்தால் நான் முதல் முறை அவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டேன்.

என் அண்ணன் மகள் அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். "அத்தை, பேப்பர்ல போட்டிருந்ததை வெட்டி வெச்சிருக்கேன், அதைப் பார்த்து ஓடினா போதுமா?" என்று கேட்டாள். நேற்று இருவரும் 20 நிமிடம் போனோம், போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டே. அவளுக்கு இன்னும் 25 வாரம் இருக்கிறது. அந்தக் கட்டுரையைத் திருத்தி, தண்ணீர் விஷயத்தை மாற்றி, இந்த வாரமோ அடுத்த வாரமோ மறுபடி போட்டீர்கள் என்றால் அவளைப் போல இப்போது பெயர் கொடுத்திருப்பவர்களுக்கு நாள் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி